தொழுநோய்க்கு எந்த மருந்து, எத்தனை மாதம்: ஒரு வீடு எடுக்க வேண்டிய முடிவுகள்

கையில் ஒரு வெளிறிய படை. சொறிவு இல்லை, வலி இல்லை, தொட்டால் உணர்ச்சியும் இல்லை. கிளினிக் கொப்பியில் வைத்தியர் தொழுநோய் என்று எழுதிவிடுகிறார். அன்றிரவே வீட்டில் கேள்விகள் கிளம்புகின்றன. மூன்று மருந்தும் வேண்டுமா, இரண்டு போதாதா? ஆறு மாதமா, பன்னிரண்டு மாதமா? அரசாங்க கிளினிக்குக்கே போவதா, தெரிந்த தனியார் வைத்தியரிடம் போவதா? பிள்ளைகளுக்கும் மருந்து கொடுக்க வேண்டுமா? கொட்டாஞ்சேனையில் ஒரு பாமசியில் மருந்தாளராக வேலை பார்க்கும் என்னிடம் இந்தக் கேள்விகள் கடை பூட்டும் நேரத்தில்தான் வரும். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற உலக சுகாதார அமைப்பின் இலக்கை இலங்கை 1995இலேயே எட்டிவிட்டது. அதனால் நோய் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். போகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர்கள் கண்டறியப்படுகிறார்கள். அவர்களில் பெரும்பங்கு நம்முடைய மேல் மாகாணத்தில். ஏறத்தாழப் பத்தில் ஒருவர் சிறுவர்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்கள் மண்டையை உடைத்துக்கொள்வது எந்த அன்டிபயோட்டிக் என்பதில். அந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் முடிவாகிவிட்டது. கையையும் காலையும் கண்ணையும் காப்பாற்றும் முடிவு வேறொன்று. சிகிச்சையின் நடுவில் நரம்பு வீங்கும்போது என்ன செய்வது, எவ்வளவு விரைவாகச் செய்வது என்பதே அது. அதைப்பற்றி யாரும் கடைக்கு வந்து முன்கூட்டிக் கேட்பதில்லை. கீழே மருந்தின் அளவுகளைச் சொல்கிறேன். வைத்தியர் எழுதியதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். தானாக வாங்கி விழுங்குவதற்கு அல்ல.

இரண்டு மருந்தா, மூன்று மருந்தா

தொழுநோயை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஐந்து படைகள் வரை இருந்து, தோல் கீறல் பரிசோதனையில் கிருமி தென்படாவிட்டால் குறைகிருமி வகை. ஐந்துக்கு மேல் படைகள், அல்லது நரம்பு பாதிப்பு, அல்லது பரிசோதனையில் கிருமி இருந்தால் பலகிருமி வகை. முதல் வகைக்கு ஆறு மாதம், இரண்டாம் வகைக்குப் பன்னிரண்டு மாதம். பல ஆண்டுகளாகக் குறைகிருமி வகைக்கு ரிஃபாம்பிசின், டாப்சோன் என்ற இரண்டு மட்டுமே கொடுத்தார்கள். பலகிருமி வகைக்கு மூன்றாவதாகக் குளோஃபாசிமின் சேரும். 2018இல் உலக சுகாதார அமைப்பு இரு வகைக்கும் மூன்று மருந்தையும் கொடுக்கப் பரிந்துரைத்தது. மாத எண்ணிக்கை மட்டும் மாறவில்லை.

பெரியவர்களுக்கான பலகிருமி வகைக் குளிசைப் பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் முறை தெளிவாக விளங்கும். ஒரு பட்டை 28 நாளுக்கு. முதல் நாளுக்கு ஆறு குளிசைகள்: ரிஃபாம்பிசின் 300 மில்லிகிராமில் இரண்டு, குளோஃபாசிமின் 100 மில்லிகிராமில் மூன்று, டாப்சோன் 100 மில்லிகிராமில் ஒன்று. இவற்றைத் தாதியின் முன்னாலேயே விழுங்க வேண்டும். மீதி 27 நாளும் வீட்டில், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளோஃபாசிமின் ஒன்று, டாப்சோன் ஒன்று. அவ்வளவுதான். பலகிருமி வகைக்குப் பன்னிரண்டு பட்டைகளை 18 மாதத்துக்குள்ளும், குறைகிருமி வகைக்கு ஆறு பட்டைகளை ஒன்பது மாதத்துக்குள்ளும் முடித்துவிட வேண்டும். ஒரு மாதம் தவறினால் எல்லாம் பாழ் என்று பயந்து கிளினிக்குக்குப் போகாமலே விட்டுவிடுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். தவறிய மாதத்துக்கு இடம் வைத்தே முறையை வகுத்திருக்கிறார்கள்.

குறைகிருமி நோயாளிக்கு மூன்றாவது மருந்து தேவையா என்றால், தேவை என்பதே என் பதிலும். படைகளை எண்ணி வகை பிரிப்பது எளிது, பிழை விடுவதும் எளிது. முதுகில் இருக்கும் ஆறாவது படையை யாரும் பார்க்காமல் விட்டால், பலகிருமி நோயாளி இரண்டு மருந்தோடு ஆறு மாதத்தில் வெளியே வந்துவிடுவார். மூன்று மருந்து இருந்தால் அந்தப் பிழையின் விலை குறையும். ஒரு மருந்துக்குக் கிருமி பழகிவிட்டாலும் மற்ற இரண்டு பிடிக்கும். தனி மருந்தின் கதை நமக்குத் தெரிந்ததுதான். 1940களிலிருந்து டாப்சோனை மட்டும் ஆண்டுக்கணக்கில், பலருக்கு ஆயுள் முழுவதும் கொடுத்தார்கள். 1964இல் மலேசியாவில் டாப்சோனுக்கு மசியாத கிருமி உறுதியானது. அதன் பிறகு அது பல நாடுகளில் தலைகாட்டியது. 1981இல் கூட்டு மருந்துச் சிகிச்சை பரிந்துரையாக வந்தது. இலங்கையில் 1983இல் தொடங்கினார்கள்.

மாதம் ஒரு தடவை ரிஃபாம்பிசின் எப்படிப் போதும் என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் நாள்தோறும் ரிஃபாம்பிசின் கொடுத்து, பலகிருமி வகைக்கு இரண்டு ஆண்டு வரை சிகிச்சை செய்யும் முறை இருந்திருக்கிறது என்று இணையத்தில் வாசித்துவிட்டு, நமக்கு மலிவான முறையைத் தள்ளிவிட்டார்கள் என்று கோபத்தோடு வந்த ஒரு தம்பி நினைவுக்கு வருகிறார். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது, காரணத்தில் இல்லை. தொழுநோய்க் கிருமி இரண்டாகப் பிரிய ஏறத்தாழ இரண்டு வாரம் எடுக்கும். இவ்வளவு மெதுவான கிருமிக்கு நாள்தோறும் அடி தேவையில்லை. 600 மில்லிகிராம் ரிஃபாம்பிசின் ஒரே வேளையில் பெரும்பாலான கிருமிகளைச் சில நாட்களில் கொன்றுவிடும். சிகிச்சை தொடங்கியவுடன் நோயாளியிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றும் அபாயம் நீங்கிவிடுவதும் அதனால்தான். கூட்டு மருந்தை முடித்தவர்களில் நோய் திரும்பியவர்கள் ஒன்பது ஆண்டில் நூற்றுக்கு ஒருவர் அளவு என்பது உலக சுகாதார அமைப்பு திரட்டிய கணக்கு. நாள்தோறும் கொடுத்தால் ஈரலுக்குச் சுமை கூடும், கருத்தடை மாத்திரையின் பலன் கெடும், சிகிச்சையும் இழுக்கும்.

மறுபக்கம், சிகிச்சையைச் சுருக்கும் ஆசையும் உண்டு. ஒரே படை உள்ளவருக்கு ரிஃபாம்பிசின், ஒஃப்லொக்சசின், மினோசைக்ளின் மூன்றையும் ஒரே வேளையில் கொடுத்து அனுப்பும் முறை 1990களின் இறுதியில் ஏற்கப்பட்டிருந்தது. அது ஆறு மாதச் சிகிச்சைக்குச் சற்றே பின்தங்கியது. இன்று அதை யாராவது சுருக்கு வழியாகச் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். பலகிருமி வகையையும் ஆறு மாதத்தில் முடிக்கலாமா என்று 2018இல் ஆராய்ந்தார்கள். சான்று போதாது, நோய் திரும்பக்கூடும் என்று பன்னிரண்டு மாதத்தையே வைத்துக்கொண்டார்கள். முன்பு 24 மாதமாக இருந்ததுதான் 1990களின் இறுதியில் பன்னிரண்டாகக் குறைந்தது. அந்தச் சுருக்கம் தாங்கியது. அடுத்த சுருக்கம் தாங்கும் என்பதற்கு இன்னும் உறுதி இல்லை.

நிறம் மாறும் என்ற பயம்

இரண்டு மருந்து போதாதா என்ற கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் நிற்பது குளோஃபாசிமின்தான். அது தோலைச் செம்பழுப்பாக்கி, பிறகு கறுக்க வைக்கும். படை இருந்த இடங்களில் கூடுதலாகத் தெரியும். தோல் வறண்டு செதிள் எழும். மட்டக்குளியிலிருந்து வரும் ஒரு பெண், கலியாணப் பேச்சு நடக்கும் வயது, முதல் மூன்று பட்டையும் ஒழுங்காக எடுத்தார். நான்காவதில் குளோஃபாசிமினை மட்டும் பட்டையிலிருந்து எடுத்து ஒரு பழைய பவுடர் டின்னில் போட்டு வைத்துக்கொண்டார். தாயார் அந்த டின்னோடு என்னிடம் வந்தார். வீட்டில் யாரும் அவரை ஏசவில்லை. ஏசவும் கூடாது. முகம் கறுப்பது இந்த ஊரில் சின்ன விடயம் அல்ல. எல்லோரும் என்ன என்று கேட்பார்கள், அந்தக் கேள்விக்கு அவரால் உண்மையைச் சொல்ல முடியாது.

ஆனால் ஒளித்து வைப்பதுதான் மிக மோசமான வழி. அவர் பலகிருமி நோயாளி. குளோஃபாசிமின் போனால் நாளாந்தம் உடம்பில் இருப்பது டாப்சோன் ஒன்றுதான், அதாவது 1960களின் நிலைமை. வைத்தியரிடம் சொல்லியிருந்தால் மாற்று உண்டு. குளோஃபாசிமினை ஏற்க முடியாதவருக்கு அதற்குப் பதிலாக நாள்தோறும் ஒஃப்லொக்சசின் 400 மில்லிகிராம், அல்லது மினோசைக்ளின் 100 மில்லிகிராம் கொடுக்கலாம் என்று வழிகாட்டல் இருக்கிறது. அதற்கும் விலை உண்டு. மினோசைக்ளினை நீண்டகாலம் எடுத்தால் அதுவே சிலருக்குத் தோலில் நீலம் பாரித்த கறுப்பைக் கொடுக்கும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஆகாது. ஒஃப்லொக்சசின் தசைநார்களையும் தூக்கத்தையும் தொந்தரவு செய்யக்கூடியது. எல்லாவற்றையும்விட முக்கியம், குளோஃபாசிமின் கிருமியைக் கொல்வதோடு நிற்பதில்லை, அழற்சியையும் அடக்கும். கீழே சொல்லப்போகும் இரண்டாம் வகை எதிர்வினையின் வேகத்தை அது தணிக்கும். மாற்று மருந்துகளுக்கு அந்தக் குணம் அந்த அளவில் இல்லை.

ஆகவே என் தெரிவு இப்படி அமையும். கிருமி நிறைய இருப்பவர், உடம்பு முழுவதும் முடிச்சுகள் உள்ளவர் குளோஃபாசிமினை விடக் கூடாது. நிறம் சிகிச்சை முடிந்து மாதக்கணக்கில், சிலருக்கு ஓரிரு ஆண்டில், மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். மடங்கிப்போன விரல் திரும்பாது. வெயிலில் குடை, குளித்தவுடன் தேங்காய் எண்ணெய், இவை வறட்சியையும் கறுப்பையும் ஓரளவு குறைக்கும். நிறத்தைத் தாங்கவே முடியாது, மருந்தையே விட்டுவிடுவேன் என்ற நிலைக்கு வந்தவருக்கு மாற்று மருந்து நூறு மடங்கு நல்லது. அந்தப் பெண் டின்னை வைத்தியரின் மேசையில் வைத்தார். கோபிக்காமல் கேட்ட வைத்தியர் வாய்த்தது அவருடைய நல்ல காலம். பேசி முடிவெடுத்துக் குளோஃபாசிமினையே தொடர்கிறார்.

டாப்சோன் ஒத்துக்கொள்ளாதபோது

மூன்றில் அமைதியானதாகத் தோன்றும் டாப்சோனே சிலருக்கு உயிராபத்து. தொடங்கி நான்கு முதல் ஆறு வாரத்தில் காய்ச்சல், உடம்பெங்கும் சிவந்த தடிப்பு, கழுத்தில் நெறி கட்டுதல், கண் மஞ்சளாதல் என்று வந்தால் அது ஒவ்வாமை. சாதாரணக் காய்ச்சல் என்று பரசிட்டமோல் வாங்கிப் போக வருகிறவர்களிடம் வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று நான் கட்டாயம் கேட்பது இதனால்தான். டாப்சோனை அன்றே நிறுத்தி, வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மறுபடி அதைத் தொடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சோகை உண்டாகும். மூச்சு வாங்கி, முகம் வெளிறினால் இரத்தப் பரிசோதனை அவசரம்.

டாப்சோன் போனால் சிகிச்சை போய்விடாது. பலகிருமி நோயாளி மற்ற இரண்டையும் தொடர்வார். குறைகிருமி நோயாளிக்கும் அந்த இரண்டே ஆறு மாதத்தை முடிக்கும். ரிஃபாம்பிசினை எடுக்க முடியாத நிலைதான் கடினம். குளோஃபாசிமினோடு ஒஃப்லொக்சசின், மினோசைக்ளின், கிளாரித்ரோமைசின் ஆகியவற்றில் இரண்டைச் சேர்த்து ஆறு மாதம், பிறகு குளோஃபாசிமினோடு ஒன்றைச் சேர்த்துப் பதினெட்டு மாதம், ஆக இரண்டு ஆண்டு.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கூட்டு மருந்தை நிறுத்தத் தேவையில்லை. காசநோயும் சேர்ந்திருப்பவருக்குக் காசநோய்க்காக நாள்தோறும் கொடுக்கும் ரிஃபாம்பிசினே போதும், மாத வேளை தனியாக வேண்டாம்.

எதிர்வினை: நாட்கணக்கு இங்கேதான்

மருந்து தொடங்கிச் சில மாதத்தில் பழைய படை திடீரென்று சிவந்து தடிக்கிறது. முழங்கைக்குப் பின்னால் நரம்பு கயிறுபோலப் புடைத்து வலிக்கிறது. சின்ன விரலும் மோதிர விரலும் பலமிழக்கின்றன. வீட்டில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பது. உடனே பட்டையை நிறுத்திவிடுகிறார்கள். இந்த நோயில் வீடுகளில் நான் காணும் பிழைகளில் மிகப் பெரியது இதுதான். மருந்து தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. இறந்த கிருமிகளின் மிச்சத்தோடு உடம்பின் எதிர்ப்புச் சக்தி மோதுகிறது. அந்த மோதல் நரம்புக்குள்ளேயே நடப்பதால் நரம்பு நசுங்குகிறது. கூட்டு மருந்தைத் தொடர வேண்டும், எதிர்வினைக்குத் தனியாக மருந்து எடுக்க வேண்டும்.

இதில் முதல் வகை மேலே சொன்னது. இரண்டாம் வகை கிருமி நிறைய உள்ளவர்களுக்கு வரும். காய்ச்சல், கை கால் முகத்தில் வலிக்கும் சிவந்த முடிச்சுகள், மூட்டு வலி, சிலருக்குக் கண் சிவந்து வெளிச்சம் கூசுதல், ஆண்களுக்கு விதை வீக்கம். இது ஒரு முறை வந்து போவதில்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும்.

முதல் வகைக்குத் தெரிவு ஏறத்தாழ ஒன்றுதான், பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட். தோல் மட்டும் லேசாகச் சிவந்து, நரம்பு, முகம், கண் எதுவும் தொடப்படாவிட்டால் ஓய்வும் வலிமாத்திரையும் போதும் என்று வைத்தியர் சொல்லலாம். நரம்பு வலித்தால், பலம் குறைந்தால், உணர்ச்சி மங்கினால் காத்திருக்கவே கூடாது. நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் ஸ்டீரொயிட் தொடங்கினால் மீட்க வாய்ப்பு உண்டு. அதைத் தாண்டினால் வாய்ப்பு விரைவாகக் குறைகிறது. வழக்கமாக நாளுக்கு 40 மில்லிகிராம் அளவில், அல்லது உடல் எடைக்கேற்பச் சற்றுக் கூட்டித் தொடங்கி, படிப்படியாகக் குறைப்பார்கள். எத்தனை வாரம் என்பதில்தான் கருத்து மாறியிருக்கிறது. முன்பு 12 வாரம் பரவலாக இருந்தது. வங்காளதேசம், இந்தியா, நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் 20 வாரத்தையும் 32 வாரத்தையும் ஒப்பிட்ட ஆய்வில் நரம்பு மீள்வதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பெரும்பாலானவர்களுக்கு 20 வாரமே போதும் என்றால், மூன்று மாத ஸ்டீரொயிட் சுமை மிச்சம். இது சிறிய லாபம் அல்ல.

ஸ்டீரொயிட் என்றதும் பாமசியில் இரண்டு விதமான மனிதர்களைப் பார்க்கிறேன். பெயரைக் கேட்டே பயந்து எடுக்காமல் விடுபவர் ஒருவர். வலி போனதைக் கண்டு தானாகவே நீட்டிக்கொள்பவர் மற்றவர். இரண்டாமவர் வேறொரு கடையில் சீட்டில்லாமல் வாங்கியும் விடுகிறார். கொழும்பில் நீரிழிவு இல்லாத வீடு குறைவு. பிரெட்னிசலோன் சீனியை ஏற்றும், பிரஷரை ஏற்றும், எலும்பைத் தேய்க்கும், மறைந்திருக்கும் காசநோயைக் கிளப்பும். தொடங்குமுன் சீனியும் பிரஷரும் பார்க்க வேண்டும், தொடர் இருமல் உண்டா என்று கேட்க வேண்டும், குடற்பூச்சிக்கு மருந்து கொடுக்க வேண்டும். குடலில் இருக்கும் ஒருவகைப் பூச்சி ஸ்டீரொயிட் எடுப்பவரின் உடம்பெங்கும் பரவி உயிரையே எடுக்கக்கூடும். இவ்வளவையும் பார்த்து எழுதித் தரும் இடத்தில் எடுத்தால் பயப்படத் தேவையில்லை. திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதை இரண்டு விதத்தினருக்கும் சொல்லி வைக்கிறேன்.

இரண்டாம் வகைக்குத்தான் உண்மையிலேயே தெரிவுகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் கடினமானது. பிரெட்னிசலோன் விரைவாக அடக்கும். ஆனால் குறைக்கக் குறைக்க முடிச்சுகள் மறுபடி எழும், மறுபடி அளவு கூடும், ஆண்டுகள் ஓடும். ஸ்டீரொயிட்டிலிருந்து வெளியே வரவே முடியாதவர்கள் இங்கேதான் உருவாகிறார்கள். குளோஃபாசிமினை உயர்ந்த அளவில் கொடுப்பது அடுத்த வழி. நாளுக்கு 300 மில்லிகிராமில் தொடங்கி, பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து, ஓராண்டுக்குள் முடிப்பார்கள். முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால் தனியாக அவசரத்துக்கு உதவாது. ஸ்டீரொயிட்டோடு சேர்த்துத் தொடங்கினால் ஸ்டீரொயிட்டைக் குறைக்கும் நேரத்தில் இது தாங்கிப் பிடிக்கும். அடிக்கடி திரும்பும் எதிர்வினைக்கு எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது இந்தச் சேர்க்கைதான். நிறம் கறுக்கும், வயிறு நோகலாம். அவற்றை முன்பே சொல்லித் தயார் செய்ய வேண்டும்.

மூன்றாவது தலிடோமைட். 1964இல் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் என்ற வைத்தியர் தூக்கமின்றித் தவித்த தொழுநோயாளிகளுக்கு இதைத் தூக்க மருந்தாகக் கொடுத்தபோது எதிர்வினை ஓரிரு நாளில் அடங்கியது. 1998இல் அமெரிக்கா இந்த நோக்கத்துக்கு அதை அனுமதித்தது. வேகத்தில் இதற்கு நிகர் இல்லை, ஸ்டீரொயிட்டின் தீமைகளும் இல்லை. ஆனால் இதே மருந்தைத்தான் 1957 முதல் 1961 வரை கர்ப்பிணிகள் குமட்டலுக்கு எடுத்தார்கள். கை கால் வளராத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தார்கள். ஒரு குளிசை போதும் கருவைச் சிதைக்க. அது நரம்புகளையும் பாதிக்கக்கூடியது, நரம்பையே தின்னும் நோயில் அது சிக்கலான குணம். உலக சுகாதார அமைப்பு இதை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. ஸ்டீரொயிட்டில் சிக்கிக்கொண்ட ஆண் நோயாளிக்கு, நிபுணரின் நேரடிக் கண்காணிப்பில் இதைப்பற்றிப் பேச இடமுண்டு. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு என்றால், வேறு வழி ஒன்று மிச்சமிருக்கும்வரை நான் இதை எண்ணிப் பார்க்கவும் மாட்டேன். ஊரிலிருந்து வரும் உறவினர் மூலம் தருவிக்கலாம் என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். ஒரே அலுமாரியில் அக்காவின் மருந்தும் தங்கையின் மருந்தும் கலந்து கிடக்கும் வீடுகள் நம்முடையவை.

எங்கே போவது

கூட்டு மருந்து அரசாங்கத் தோல் நோய் கிளினிக்குகளில் இலவசம். 1995 முதல் உலக சுகாதார அமைப்பு வழியாக உலகெங்கும் இலவசமாகவே வருகிறது. தனியாரிடம் காசு கொடுத்தால் மேலான மருந்து கிடைக்கும் என்பது வெறும் நம்பிக்கை. தனியாரிடம் கிடைப்பது மறைவு. அதன் அருமை எனக்குத் தெரியும். வத்தளைக்குப் பக்கத்து ஹெந்தளையில் 1708இல் ஒல்லாந்தர் கட்டிய தொழுநோய் வைத்தியசாலை, மட்டக்களப்பு வாவியில் மாந்தீவு, இந்த இரண்டு பெயரும் நம்முடைய பாட்டிமாரின் பேச்சில் தண்டனைபோல ஒலித்தன. அந்தப் பயம் இன்னும் தீரவில்லை. இன்று யாரும் யாரையும் எங்கும் அடைப்பதில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே, பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்துக்கொண்டே சிகிச்சையை முடிக்கலாம்.

தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று தூரத்து வைத்தியசாலையைத் தேடுபவர்களும் உண்டு. மாதம் ஒருமுறை பட்டை வாங்க அது சரிவரும். சனிக்கிழமை இரவு நரம்பு வலித்தால் திங்கட்கிழமை காலை அங்கே போவீர்களா என்று நான் கேட்பேன். கொழும்பில் தேசிய வைத்தியசாலையில் மத்திய தொழுநோய் கிளினிக் இருக்கிறது. மற்றப் பெரிய அரசாங்க வைத்தியசாலைகளிலும் தோல் நோய் கிளினிக்குகள் உண்டு. ஒரு கிளினிக்கின் தரத்தை அறிய எளிய அடையாளம் ஒன்று. ஒவ்வொரு மாதமும் உங்கள் உள்ளங்கையிலும் பாதத்திலும் பேனை முனையாலோ நைலோன் இழையாலோ தொட்டு, கண்ணை மூடச் சொல்லி, எங்கே தொட்டேன் என்று கேட்கிறார்களா? பெருவிரலை உயர்த்தச் சொல்லி, கண்ணை இறுக்கி மூடச் சொல்லிப் பார்க்கிறார்களா? பார்த்ததைக் கொப்பியில் எழுதுகிறார்களா? அப்படிச் செய்யும் இடம் ஓட்டைச் சுவரும் உடைந்த வாங்குமாக இருந்தாலும் அதுதான் நல்ல இடம். பட்டையை மட்டும் நீட்டி அனுப்பும் இடம் குளிரூட்டியோடு இருந்தாலும் போதாது.

மொழியையும் சொல்ல வேண்டும். கிளினிக்கில் விளக்கம் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். மருந்து எப்படி எடுப்பது என்பது சைகையிலேயே விளங்கிவிடும். எதிர்வினை வந்தால் உடனே வர வேண்டும் என்பது சைகையில் விளங்காது. தமிழ் மட்டும் தெரிந்தவரோடு முதல் நாளாவது சிங்களம் பேசும் ஒருவர் போக வேண்டும். மகனோ அயலவரோ யாராயினும் அவர் நம்பிக்கையானவராக இருக்க வேண்டும். தமிழ் தெரிந்த தாதி இருந்தால், மிஸ், நரம்பு வலித்தால் எந்த நாளில் வரலாம் என்று நேராகக் கேட்டுக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வேளை மருந்து

கூட இருப்பவர்களுக்கு இரண்டு வழி. பரிசோதித்துவிட்டு, ஆண்டுதோறும் உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒன்று. பரிசோதித்து, நோய் இல்லை என்று உறுதியானபின் ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுப்பது மற்றது. வங்காளதேசத்தில் நடந்த பெரிய ஆய்வு 2008இல் வெளியானது. முதல் இரண்டு ஆண்டில் நோய் வருவதை இந்த ஒரு வேளை 57 சதவீதம் குறைத்தது. இதை நடைமுறையில் சோதித்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. 2018இல் உலக சுகாதார அமைப்பு இதைப் பரிந்துரைத்தது. இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுக்கலாம். கர்ப்பிணிகளுக்கும், ஈரல் நோய் உள்ளவர்களுக்கும், காசநோய் அறிகுறி உள்ளவர்களுக்கும் கூடாது. பெரியவர்களுக்கு 600 மில்லிகிராம், பிள்ளைகளுக்கு வயதுக்கும் எடைக்கும் ஏற்பக் குறையும்.

கொடுங்கள் என்பதே என் கருத்து. சிறுநீர் ஒரு நாள் செம்மஞ்சளாகப் போகும், அதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். ஆனால் 57 என்பது 100 அல்ல. நோய் வெளிப்படச் சராசரி ஐந்து ஆண்டு, சிலருக்கு இருபது ஆண்டும் ஆகலாம். அதனால் மருந்து எடுத்த பிள்ளையின் முதுகையும் கன்னத்தையும் குளிப்பாட்டும்போது பார்க்கும் பழக்கத்தை விட வேண்டாம். அயலவருக்கும் கொடுப்பதா என்பது வேறு கேள்வி. அதற்கு நோயாளியின் சம்மதம் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருமுன் இதை அவரோடு பேசி, யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாமல் விடுவது என்று முடிவெடுங்கள்.

பட்டை முடிந்த பிறகு

பன்னிரண்டாவது பட்டை முடிந்து ஓராண்டில் மறுபடி சிவப்பு வந்தால் அன்டிபயோட்டிக்கை மீண்டும் தொடங்குவதா, ஸ்டீரொயிட்டா என்ற கேள்வி எழும். நோய் திரும்புவது மெதுவாக நடக்கும், பொதுவாகச் சில ஆண்டு கழித்து, புதிய இடங்களில், வலியின்றி. எதிர்வினை சில நாளில் எழும், பழைய படைகளின் மேலேயே சிவந்து வீங்கும், நரம்பு வலிக்கும், பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுக்குள் வரும். முதலாவதற்குக் கூட்டு மருந்து மறுபடி, இரண்டாவதற்குப் பிரெட்னிசலோன். கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாத நேரத்தில் தோல் கீறல் பரிசோதனையின் பழைய அளவையும் புதிய அளவையும் ஒப்பிடுவார்கள். சிலருக்கு ஸ்டீரொயிட் கொடுத்து, அடங்குகிறதா என்று பார்த்தும் தீர்மானிப்பார்கள். இரண்டுக்கும் பழைய குறிப்புத் தேவை. சிகிச்சை முடிந்தது என்று கிளினிக் கொப்பியை எறிந்துவிடாமல், அடையாள அட்டை வைக்கும் இடத்திலேயே அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.